பாணர் மரபும் ‘காஸ்ட்லெஸ் கலெக்டிவ்’ இசைக்குழுவும்

(இலக்கிய வட்டத்தின் பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



‘சங்க இலக்கியத்தில் பாணர்’ என்னும் பொருளில் பேசவேண்டும் என்று செயலாளர் அவர்கள் பணித்தார்கள். இசைந்தேன். பின்னர் நானே தொலைபேசியில் அழைத்து, தலைப்பைச் சற்று நீட்டிக்கொள்ளலாமா என்று கேட்டேன். எவ்வளவு நீட்டவேண்டும் என்றார்கள். ஓர் இரண்டாயிரம் ஆண்டு என்றேன். சிரித்தார்கள், மறுக்கவில்லை. எனவே இன்று நான் பேச எடுத்துக்கொண்டிருப்பது, 2018ஆம் ஆண்டு சென்னையில் அரங்கேறிய ஒரு ராக் இசைக்குழுவைப் பற்றி. தமிழ்ப் பேராசிரியைக்கும் கித்தாருக்கும் என்ன தொடர்பு என்று அவையில் சிலர் எண்ணக்கூடும். அந்த ஐயத்திற்கு விடை நம் கொல்லிமலையிலேயே இருக்கிறது. ஆகையால் அங்கிருந்தே தொடங்குகிறேன்.

புறநானூற்றின் 152ஆம் பாட்டு வன்பரணர் பாடியது. ஆடி மாதத்து வல்வில் ஓரி விழாவில் ஆண்டுதோறும் மேடையில் எடுத்தாளப்படுவதால் அதன் முற்பகுதியை இவ்வட்டாரத்துப் பள்ளிப்பிள்ளைகளும் அறிவர். ஒரே அம்பு யானையை வீழ்த்தி, புலியைக் கடந்து, மானையும் பன்றியையும் துளைத்து, புற்றிலிருந்த உடும்பில் சென்று தைத்த கதை அது. நான் கருதுவது அதற்குப் பின்னர் வரும் பகுதியை. வேட்டுவனைக் கண்ட புலவர், தாம் ஒரு வண்ணம் பாடப்போவதாக விறலியரிடம் சொல்லி, கருவிகளை ஒவ்வொன்றாக ஆயத்தம் செய்யச் சொல்கிறார். முழவு, யாழ், யானையின் துதிக்கை போன்ற தூம்பு, எல்லரி, ஆகுளி, பதலை என ஆறு கருவிகள். அவற்றுள் யாழையும் தூம்பையும் நீக்கினால் எஞ்சுபவை கொட்டும் கருவிகளே. காட்டு வழியில், வெட்டவெளியில், முன்பின் அறியாத ஒருவன் எதிரே நின்று ஒரு கூட்டம் கருவிகளை முடுக்கிப் பாடத் தொடங்குகிறது. பாட்டு முடிந்ததும் ஊனும் கள்ளும் பொன்னும் மணியும் பரிசிலாகக் கிடைக்கின்றன. இந்தக் காட்சியை நான் இருபது ஆண்டுகளாக வகுப்பில் நடத்திவருகிறேன். வள்ளன்மைக்குச் சான்று என்பேன். கையறம், கொடைமடம் என்றெல்லாம் விரித்துரைப்பேன். அது ஓர் இசைக்குழுவின் கச்சேரி என்னும் எளிய உண்மை எனக்குத் தோன்றவே இல்லை. அந்த முழவைக் கொட்டியவர் யார், ஆகுளியைத் தொட்டவர் பெயர் என்ன என்று கேட்கவும் தோன்றவில்லை. வன்பரணர் பெயர் நமக்குக் கிடைத்திருக்கிறது, ஓரியின் பெயர் கிடைத்திருக்கிறது, அவ்வளவே.

இனி ராக் இசைக்கு வருகிறேன். அமெரிக்காவிற்கு அடிமைகளாகக் கொண்டுசெல்லப்பட்ட ஆப்பிரிக்க மக்களின் வழிவந்தோர், பருத்திக்காட்டிலும் வழிபாட்டிடத்திலும் பாடிய துயரப் பாடல்களிலிருந்து கிளைத்தது அது. பிற்காலத்தில் வெள்ளை இளைஞர் வழியாக உலகெங்கும் பரவியதால் நாம் அதை மேலைநாட்டு ஆரவாரம் என்று ஒதுக்கிவிட்டோம். நம் அண்டை மொழியினர் அவ்வாறு ஒதுக்கவில்லை. 1975இல் கல்கத்தாவில் கௌதம் சட்டோபாத்யாயும் நண்பர்களும் ஒரு குழு அமைத்தனர். ‘மொஹீனேர் கோராகுலி’, அதாவது மொஹீனின் குதிரைகள், என்பது அதன் பெயர். ஜீவனானந்த தாஸ் எழுதிய ஒரு கவிதையிலிருந்து எடுத்த பெயர் அது. கித்தாரோடு பாவுல் இசையையும் கலந்து வங்கமொழியில் பாடினர். அக்காலத்தில் பெரிதாக எவரும் பொருட்படுத்தவில்லை. இருபதாண்டு கழித்து, 1995இல் அவர்தம் பாடல்களைப் புதிய இளைஞர்களோடு சேர்த்துத் தொகுப்பாக வெளியிட்டபோது வங்கம் அவர்களைத் தன் வீட்டுப் பிள்ளைகளாக ஏற்றுக்கொண்டது. மலையாளத்தில் ‘அவியல்’ என்னும் குழு இவ்வாறே தாய்மொழிப் பாட்டையும் மின்கித்தாரையும் ஒரே இலையில் பரிமாறிப் புகழ்பெற்றது.

தமிழில் ஏன் இவ்வாறு ஒன்று நெடுங்காலம் எழவில்லை? என் எண்ணத்தில் விடை எளிது. நம் பாட்டு முழுவதையும் திரைப்படம் வாங்கிக்கொண்டது. இதில் சேலத்திற்கும் பங்குண்டு. ஏற்காடு சாலையில் மாடர்ன் தியேட்டர்ஸ் நிறுவனத்தின் வாயில் வளைவைப் பார்த்தபடி போய்வராதவர் இந்த அவையில் இருக்கமாட்டார். தமிழின் முதல் வண்ணப் படமான ‘அலிபாபாவும் 40 திருடர்களும்’ 1956இல் அந்த நிறுவனத்திலிருந்து வந்ததே. பாட்டெழுதும் புலவனும் கொட்டும் கலைஞனும் அந்த வாயிலுக்குள் நுழைந்தால்தான் சோறு என்னும் நிலை ஏற்பட்டது. நம் ஊர்த் திருவிழாக்களில் பந்தல் போட்டுப் பாடும் மெல்லிசைக் குழுக்களை எண்ணிப்பாருங்கள். எத்துணைத் திறமையான குரல்கள், எத்துணைக் கைகள்! ஆனால் பாடுவது அனைத்தும் பிறர் பாடியவை. பாடகர் மேடைக்கு வருமுன் அவர் எந்தப் பின்னணிப் பாடகரின் குரலில் பாடுவார் என்று அறிவிப்பாளர் சொல்வார். சொந்தக் குரல் என்று ஒன்று அவருக்கு இருந்ததா என்று எவரும் கேட்டதில்லை.

இப்பின்னணியில்தான் 2018 சனவரி 6ஆம் நாளைப் பார்க்கவேண்டும். அன்று மாலை சென்னைக் கீழ்ப்பாக்கத்தில் ஒரு பள்ளித் திடலில் ‘தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ்’ என்னும் குழு அரங்கேறியது. திரைப்பட இயக்குநர் பா. இரஞ்சித்தின் நீலம் பண்பாட்டு மையமும், இசையமைப்பாளர் டென்மாவும் சேர்ந்து, குரல்தேர்வு வைத்துத் திரட்டிய 19 பேர் அதில் இருந்தனர். கித்தாரும் மேலைநாட்டு முரசுத் தொகுதியும் ஒரு பக்கம். பறையும் தவிலும், சென்னைச் சாவுமேளத்தில் வழங்கும் சட்டியும் கட்டமோளமும் மறுபக்கம். வடசென்னைக் கானாப் பாடகர்கள், அரக்கோணத்திலிருந்து வந்த அறிவு என்னும் சொல்லிசைக் கலைஞர், இராயபுரத்து இசைவாணி என்னும் ஒரே பெண். அனைவரும் ஒரே வகையான கோட்டும் சூட்டும் அணிந்திருந்தனர். அம்பேத்கரின் படத்தில் அந்த உடையைப் பார்த்து வளர்ந்தவர்க்கு அதன் பொருளை விளக்கவேண்டியதில்லை. நுழைவுக்கட்டணம் இல்லாத அந்நிகழ்ச்சிக்கு ஆயிரக்கணக்கானோர் வந்தனர். அதே ஆண்டில் ‘மகிழ்ச்சி’ என்னும் இசைத்தொகுப்பும் வெளிவந்தது. திரைப்படத்தில் இடம்பெறாத பாடல்களைத் தமிழ் இளைஞர் கூட்டம் மேடையோடு சேர்ந்து வரிமாறாமல் பாடியதை ஒளிப்பதிவுகளில் காணலாம். ஒரு மொழி தன் இசைக்குழுவை நேசிப்பது என்றால் இதுதான் என்று எனக்குப் பட்டது.

கானா என்பதைப் பற்றி இங்கே சற்று நின்று சொல்லவேண்டும். வடசென்னையில் சாவு வீட்டின் இரவைக் கடத்துவதற்குப் பாடப்பட்ட பாட்டு அது. இறந்தவரின் பெருமை, வாழ்வின் நிலையாமை, இருப்பவரின் கடன், இடையிடையே கேலி என எல்லாம் அதில் வரும். காஞ்சித்திணையையும் கையறுநிலையையும் கற்றவர்க்கு இதில் புதிதாக என்ன இருக்கிறது? 1990களில் தேவாவின் இசையில் அது திரைக்கு வந்தது. 2006இல் கானா உலகநாதனும், 2012இல் இரஞ்சித்தின் ‘அட்டகத்தி’ வழியாகக் கானா பாலாவும் பரவலாக அறியப்பட்டனர். ஆனால் திரைக்கு வந்தபோது சாவு வீடு கழன்று போயிற்று. குத்துப்பாட்டு மட்டும் எஞ்சியது. இக்குழுவினர் கானாவை அதன் பிறந்த இடத்துத் துக்கத்தோடும் சினத்தோடும் மேடையேற்றினர். இடஒதுக்கீடு என்றால் என்ன, அது ஏன் வந்தது என்பதை ஒரு முழுப் பாட்டாகப் பாடினர். நான் முதுகலை வகுப்பில் ஒரு பருவம் முழுவதும் சொல்லிப் புரியவைக்க முடியாததை அந்தப் பாட்டு சில நிமிடத்தில் செய்துவிடுகிறது என்பதைச் சற்றே பொறாமையோடு ஒப்புக்கொள்கிறேன்.

குழுவின் பெயரும் இலக்கியத் தொடர்புடையது. சாதியில்லாத தமிழர் என்று அயோத்திதாசப் பண்டிதர் ஆண்ட சொல்லிலிருந்து அதை எடுத்துக்கொண்டனர். 1845இல் பிறந்து 1914இல் மறைந்த அப்பெருமகனார், 1907இல் ‘ஒரு பைசாத் தமிழன்’ இதழைத் தொடங்கியவர். தம் பாட்டனார் கந்தப்பன் காத்துவைத்திருந்த திருக்குறள் ஏட்டுச்சுவடிகளே எல்லிஸ் துரையின் கைக்குச் சென்றன என்று அவர் எழுதியுள்ளார். நான் தமிழில் பட்டம் மூன்று பெற்றவள். மூன்றிலும் அவர் பெயர் ஒரு தேர்வுவினாவாகக்கூட வந்ததில்லை. அவரை நான் முறையாகப் படிக்கத் தொடங்கியதே, இக்குழுவின் பெயருக்குப் பொருள் தேடப் போன பிறகுதான். கித்தார்க்காரர்கள் ஒரு தமிழ் முனைவரைப் பண்டிதரிடம் அனுப்பிவைத்தார்கள் என்பதை இந்த மேடையில் பதிவுசெய்ய விரும்புகிறேன்.

இனி நான் சொல்லப்போவது, பத்தாண்டு விழாவில் சொல்லத்தக்கதா என்று பலநாள் தயங்கிய செய்தி.

என் முனைவர் பட்ட ஆய்வு சேலம், நாமக்கல் மாவட்டங்களின் ஒப்பாரிப் பாடல்களைப் பற்றியது. 2004ஆம் ஆண்டு களப்பணிக்காக ஒலிநாடாப் பெட்டியைத் தோளில் தொங்கவிட்டுக்கொண்டு இராசிபுரத்திற்கும் சேந்தமங்கலத்திற்கும் இடைப்பட்ட ஊர்களில் அலைந்தேன். ஓர் ஊரில் எழவு வீட்டிற்கே செல்லும் வாய்ப்புக் கிடைத்தது. இறந்தவரின் உறவினர் ஒருவர் எனக்குத் தெரிந்தவர். பதிவு செய்துகொள்ள இசைந்தார். கூடியிருந்த பெண்களில் வயது முதிர்ந்த ஒருவர் பாடத் தொடங்கினார். கேட்டவுடன் தெரிந்தது, இதுபோல் ஒரு குரலை நான் இனிக் கேட்கப்போவதில்லை என்று. ஆனால் வாசலில் தப்பட்டை முழங்கிக்கொண்டிருந்தது. வைக்கோலைக் கொளுத்தித் தோலைக் காய்ச்சி முறுக்கேற்றிய நான்கு பறைகள். சொற்கள் தெளிவாகப் பதியவில்லை. நான் எழுந்து வாசலுக்குப் போய், சற்று நேரம் நிறுத்துங்கள் என்றேன்.

நிறுத்தினார்கள். நான் சொன்னால் நிறுத்துவார்கள் என்பது எனக்கு முன்பே தெரிந்திருந்தது என்பதையும் இன்று சேர்த்துச் சொல்லவேண்டும். நான் எந்தத் தெருவிலிருந்து வந்தவள் என்பது அவர்களுக்குத் தெரியும். அவர்கள் எந்தத் தெருவினர் என்பது எனக்குத் தெரியும். துக்க வீட்டில் மேளத்தை நிறுத்தச் சொல்லும் துணிவு படிப்பினால் மட்டும் வருவதன்று.

உள்ளே வந்து பெட்டியை முடுக்கினேன். அந்த அம்மையார் இரண்டு அடி பாடினார்; நின்றுவிட்டார். பாடுங்கள் ஆத்தா என்றேன். அவர் என்னைப் பார்த்து, “மேளத்த நிறுத்திப்போட்டா எனக்கு அடுத்த அடி எங்கிருந்து கண்ணு வரும்?” என்றார். பிறகு என் முகத்திற்காக எப்படியோ பாடி முடித்தார். அந்தப் பாடத்தைத்தான் என் ஆய்வேட்டில் அச்சிட்டேன். பாடல்கள் பிழையின்றித் தெளிவாகப் பதிவாகியுள்ளன என்று புறத்தேர்வாளர் பாராட்டினார். பின்னிணைப்பில் பாடியவர் நாற்பத்தொருவரின் பெயர், வயது, ஊர் எல்லாம் உண்டு. பறை கொட்டியவர் ஒருவர் பெயரும் இல்லை. நான் கேட்கவில்லை.

தொல்காப்பியர் ஒவ்வொரு நிலத்திற்கும் உரிய கருப்பொருளை வகுக்கும்போது தெய்வத்தோடும் உணவோடும் பறையையும் சேர்த்தே சொல்கிறார். மாங்குடி கிழார் புறநானூற்று 335ஆம் பாட்டில் துடியன், பாணன், பறையன், கடம்பன் ஆகிய நான்கு குடிகளைப் பெருமையோடு பேசுகிறார். பறைதல் என்றால் சொல்லுதல். இவற்றையெல்லாம் மேற்கோள் காட்டித்தான் என் முன்னுரையைத் தொடங்கியிருந்தேன். பாணரை நூலில் போற்றிவிட்டு வாசலில் நின்ற பாணரை வாயடைக்கச் செய்த அந்த ஆய்வேட்டுக்குத்தான் என் பெயருக்கு முன்னால் இந்த முனைவர் என்னும் அடைமொழி.

இந்த இசைக்குழுவின் மேடையை முதன்முதலாக ஒளிப்பதிவில் பார்த்தபோது, பறை முன்னால் நின்றது. குரலுக்கு இடம்விட்டு அது பின்வாங்கவில்லை. குரல் அதன்மேல் ஏறி நடந்தது. அந்த ஆத்தா சொன்னது அன்றுதான் எனக்கு விளங்கிற்று.

எல்லாவற்றையும் புகழ்ந்துவிட்டுப் போவது ஆய்வாளர்க்கு அழகன்று. இக்குழுவின் பாடல்கள் சிலவற்றில் கவிதையைவிட முழக்கம் மிகுதி. மேடையில் நின்று கேட்கும்போது உடல் சிலிர்க்கும். தாளில் எழுதிப் படித்தால் சுவரொட்டி போல் தோன்றும். ஆனால் ஒப்பாரியையும் தாளில் எழுதித்தானே நான் கெடுத்தேன். எனவே இக்குறையை உரக்கச் சொல்லும் தகுதி எனக்குக் குறைவு.

இதைவிடக் கடினமான மறுப்பு ஒன்றை என் மாணவர் ஒருவர் எழுப்பினார். இளங்கலை இறுதியாண்டில் படித்தவர். பாணர் பற்றிய வகுப்பு முடிந்ததும் தனியே வந்து, தம் கைப்பேசியில் இக்குழுவின் பாட்டைப் போட்டுக்காட்டி, “அம்மா, எங்கப்பாவும் இதத்தான் அடிக்கிறாரு” என்றார். மூன்றாண்டு என் வகுப்பில் இருந்தவர். அன்றுவரை அதை எவரிடமும் சொன்னதில்லை. ஊரில் சாவு விழுந்து தந்தை தப்பட்டையோடு முன்னே நடக்கும்போது, நண்பர்கள் கண்ணில் படாமலிருக்க அடுத்த தெரு வழியாகச் சுற்றிப் போவாராம். இப்போது மேடையிலேயே பறைக்கு மதிப்பு வந்துவிட்டதே என்று நான் சொன்னேன். 2007இல் சென்னைச் சங்கமத்தில் பறை முழங்கியது, திண்டுக்கல் சக்தி கலைக்குழுவில் பெண்களே பறையடிப்பது, 2025இல் வேலு ஆசான் என்னும் பறையிசைக் கலைஞருக்குப் பத்மஸ்ரீ வழங்கப்பட்டது என அடுக்கினேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்: “கோட்டுப் போட்டு அடிக்கிறவங்க வேணாம்னா நிறுத்திக்கலாம் அம்மா. எங்கப்பா நிறுத்த முடியாது.”

பறையடிக்க மாட்டோம் என்று மறுத்து அதன்பொருட்டு அடியும் ஒதுக்கலும் பட்ட ஊர்கள் தமிழ்நாட்டில் பல. மறுத்தவர்களின் சினமும், அதே பறையைக் கலையென்று எடுத்தவர்களின் பெருமிதமும் ஒரே காயத்திலிருந்து வந்தவை. எவர் சரி என்று தீர்ப்புச் சொல்லும் இடத்தில் நான் இல்லை. அந்த மாணவர் இரண்டையும் ஒரே நெஞ்சில் வைத்துக்கொண்டு கைப்பேசியை நீட்டினார் என்பது மட்டும் எனக்குத் தெரியும்.

பெயர்களைப் பற்றி ஒரு சொல். கானா பெரும்பாலும் ஆண்களின் பாட்டாக இருந்த நிலையில் அதை மேடையில் பாடிய இசைவாணியை 2020இல் பிபிசி நிறுவனம் உலகின் நூறு பெண்களுள் ஒருவராகத் தேர்ந்தது. புறநானூற்று விறலியர் எவருக்கும் கிட்டாத பேறு இது. அவர்கள் ‘விறலி’ என்றே நின்றுபோயினர். அடுத்த ஆண்டே இதற்கு மாறான ஒன்றும் நடந்தது. அறிவு எழுதிப் பாடிய ‘எஞ்சாயி எஞ்சாமி’ 2021இல் உலகெங்கும் ஒலித்தபோது, ஒரு புகழ்பெற்ற இசை இதழின் இந்தியப் பதிப்பு அப்பாடலைக் குறிப்பிட்ட அட்டையில் அவர் படத்தை விட்டுவிட்டது. இரஞ்சித் உள்ளிட்டோர் வெளிப்படையாகக் கண்டித்தனர். பாடலை வைத்துக்கொண்டு பாணனை விட்டுவிடும் வழக்கம் தொகுப்பாசிரியர்களுக்கு எக்காலத்தும் உண்டுபோலும். என் பின்னிணைப்பும் அந்த வகையைச் சேர்ந்ததே.

அம்மாணவர் தம் தந்தையின் அடிமுறைகளைப் பற்றியே செயல்திட்ட ஏடு எழுத விரும்பினார். இது இலக்கியமா என்று சிலர் கேட்டனர். ஓரியின் பாட்டில் வரும் ஆறு கருவிகளை எண்ணிக்காட்டிய பின் இசைந்தனர். அடிக்குச்சி, சிம்புக்குச்சி, எந்தச் சடங்குக்கு எந்த அடி என்று அவர் எழுதிவரும் பக்கங்களில் நான் திருத்துவதற்கு ஒன்றுமில்லை, ஒற்றுப்பிழை தவிர.

சென்ற மாதம் என் பழைய ஒலிநாடாக்களைக் கணினியில் ஏற்றினேன். அந்த ஊர் நாடாவில், ஆத்தாவின் குரலுக்கு முன்னால், ஏறத்தாழ அரை நிமிடம் பறை மட்டும் பதிவாகியிருக்கிறது. பிறகு என் குரல், நிறுத்துங்கள் என்று. பிறகு அமைதி. அந்த அரை நிமிடத்தை மாணவர் வாங்கிக்கொண்டு போய்த் தம் தந்தையிடம் போட்டுக்காட்டினார். அவர் மூன்றுமுறை கேட்டாராம். நால்வரில் ஒருவன் இடதுகைக்காரன், சேந்தமங்கலம் பக்கத்து அடி என்றாராம். அந்தப் பக்கத்து உறவினரிடம் கேட்டு, ஆள் இருந்தால் பெயரைச் சொல்லியனுப்புவதாகக் கூறியிருக்கிறார். நான் காத்திருக்கிறேன்.